மாமா பொடி

காலையில் டாக்குரியா லேக்கைச் சுற்றி நடக்கும் எங்கள் கூட்டத்தில் ஒருத்தி இருக்கிறாள். எதைப் பற்றிப் பேசினாலும் அதில் மிச்சம் பிடிக்க அவளிடம் ஒரு வழி இருக்கும். போன வாரம் சலவைப் பொடிக்கு வந்தாள். மெஷினில் போடச் சொல்லும் அளவில் பாதி போட்டாலே போதுமாம், மீதிக்குச் சமையல் சோடா கலந்துகொள்ளலாமாம், கம்பெனிக்காரன் நம்மை நன்றாக ஏமாற்றுகிறானாம். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் சுள்ளென்று கோபம் வந்தது. உன் யோசனையை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டேன். இவளுக்கு இன்றைக்கு பி.பி. ஏறிவிட்டது என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

பாவம், அவள் என்ன செய்வாள். நடுவழியில் நின்று சொல்கிற கதையில்லை இது, அதனால் இங்கே உட்கார்ந்து சொல்கிறேன். நம் வயதுக்காரர்களுக்குத்தான் இது முழுசாகப் புரியும். நீலத்தைத் துணியில் முடிந்து வாளியில் கலக்கினவர்கள், ஒரு சோப்புக் கட்டியை நூல் வைத்து மூன்றாக அறுத்தவர்கள், துவைத்த நுரையைக் கொட்ட மனசு வராமல் அதிலேயே கால்மிதியை ஊறப் போட்டவர்கள் எல்லோரும் கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். முன்னறை, பின்னறை, சமையற்கட்டு, பகலிலும் விளக்குப் போட வேண்டிய ஒரு குளியலறை. வீட்டுக்கு நடுவே எல்லோருக்கும் பொதுவான முற்றமும் அதில் ஒரு குழாயும். மேலே ஒரு வங்காளிக் குடும்பம். அந்த வீட்டு அம்மாளை மாசிமா என்று கூப்பிடுவோம். அப்பாவுக்கு டல்ஹௌசியில் ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கு வேலை. அம்மா, அக்கா, கடைசியாக நான். நான் அப்போது பாவாடை சட்டை. அக்கா பி.ஏ. முடித்து, டைப்பும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் பண்ணி, ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாகத் தேர்வாகியிருந்தாள். பூஜை விடுமுறையெல்லாம் கழிந்து, காளி பூஜைக்கு அடுத்த திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். கல்யாணம் ஆகிறவரை போகட்டும் என்று அப்பாவும் சம்மதித்திருந்தார். அன்றிலிருந்து அக்காவின் விரல் ஒரு இடத்தில் நிற்காது. சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில், ஜன்னல் கட்டையில், என் முதுகில் என்று எங்கேயாவது டைப் அடித்துக்கொண்டே இருப்பாள்.

அந்த வருஷம் சோப்புக்கும் வனஸ்பதிக்கும் க்யூவில் நிற்க வேண்டியிருந்தது. அட்டைப் பெட்டியில் வரும் நீலப் பொடியின் விலையைக் கேட்டால் அப்பாவின் முகம் சிவந்துவிடும். ஆபீசுக்கு வந்துபோகும் ரசாயன வியாபாரி ஒருத்தர் அவர் காதில் ஏதோ ஓதியிருக்கிறார். ஒருநாள் அப்பா ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் அம்மாவிடம் விளக்க ஆரம்பித்தார். அந்தப் பொடியில் இருப்பது ஸ்லரி என்கிற நுரைக் குழம்பு, சோடா, உப்பு, அவ்வளவுதானாம். மீதி எல்லாம் பெட்டிக்கும் சினிமா இடைவேளை விளம்பரத்துக்கும் நாம் அழுகிற தண்டமாம். இனிமேல் வெளியே பொடி வாங்கப்போவதில்லை என்று முடித்தார். அம்மா காபியை ஆற்றிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு கை ரிக்‌ஷாவில் சாமான்கள் வந்து இறங்கின. கண்ணாடி ஜாடியில் ஸ்லரி, பார்க்கப் பாகு காய்ச்சின கருப்பட்டி மாதிரி இருக்கும். மாசிமாவிடம் கேட்டுக்கொண்டு மொட்டை மாடியில் ஒரு பழைய இரும்புத் தொட்டியில் கலவை நடந்தது. அப்பா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கல்யாணச் சமையல்காரர் மாதிரி, மரத் துடுப்பால் கிண்டினார். தொட்டி சூடேறும், ஒரு நெடி கிளம்பிக் கண்ணில் தண்ணீர் வரவைக்கும். முதல் தடவை கிண்டினது இந்த ஊர் ஈரத்தில் செங்கல்லாக இறுகிப்போனது. இரண்டாவது தடவை பொடியாக வந்தது, ஆனால் வெளுப்புப் போதவில்லை. மூன்றாவது தடவை கொஞ்சம் காஸ்டிக் சோடா சேர்த்தார். வேஷ்டி கொக்கு மாதிரி வெளுத்தது.

அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. பவானிபூரிலிருந்து லேக் மார்க்கெட் வரை தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் வனஸ்பதி டின்னில் நிரப்பிப் பொடி போயிற்று. அசல் விலைதான், ஒரு பைசா லாபம் வைக்கவில்லை. அதில்தான் அவருக்கு அத்தனை பெருமை. எல்லா வீட்டிலும் அதற்கு மாமா பொடி என்று பெயர் விழுந்துவிட்டது. எங்கள் வீட்டில் வண்ணானை நிறுத்தினார்கள். இவ்வளவு நல்ல பொடி இருக்கும்போது அவனுக்கு எதற்குக் கொடுப்பது என்று அப்பா கேட்டார். வேலைக்குப் போகிறவரை அக்கா சும்மாத்தானே இருக்கிறாள், துணி அவள் பொறுப்பு என்று ஆயிற்று. மற்ற வீடுகளிலும் அப்படித்தான். எந்த வீட்டில் பார்த்தாலும் துணி துவைப்பது அந்த வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்கிற வயசிலுள்ள பெண்ணாகத்தான் இருந்தாள்.

முதலில் அக்காவின் விரல் நுனிகள் சிவந்தன. பிறகு உள்ளங்கை உரிய ஆரம்பித்தது. உரிந்த இடத்தில் தோல் வெளுப்பாக, பளபளவென்று, திட்டுத் திட்டாகத் தெரிந்தது. ஒருநாள் அக்கா சாதம் பிசையும்போது அம்மா அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் சொல்லவில்லை. நம் வீடுகளில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணின் உடம்பில் வெள்ளையாக ஒரு புள்ளி என்றால் அந்தப் பெண்ணோடு போகாது, அவள் தங்கைக்கும் சேர்த்துக் கதவு சாத்திவிடும். அப்போதுதான் துர்காபூரிலிருந்து ஒரு வரன் விசாரித்திருந்தார்கள்.

டாக்டரிடம் போயிருக்கலாமே என்பீர்கள். பேட்டையில் இருந்த ஒரே தமிழ் டாக்டரின் மனைவி எல்லோர் வீட்டு விசேஷத்துக்கும் வருகிறவள். வங்காளி டாக்டரிடம் போனால் அங்கே காத்திருக்கும் பெஞ்சில் யாராவது ஒரு மாமா உட்கார்ந்திருப்பார். அப்பா ஹோமியோபதிக் கடைக்குப் போய், ஊரில் ஒரு சொந்தக்காரருக்கு என்று பொய் சொல்லி, சர்க்கரை உருண்டை வாங்கி வந்தார். கிருமியாக இருந்தாலும் இருக்கும், வேளா வேளைக்கு நம்ம பொடியைக் கரைத்துக் கையை நன்றாகக் கழுவு என்று அவரே ஒரு வைத்தியமும் சொன்னார். அக்கா கழுவினாள்.

யாராவது வந்து அக்கா கையைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது? அதற்கு வழி கண்டுபிடித்தவள் அம்மா. அக்கா மெட்ராசுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். முதலில் பால்காரனிடம் சொன்னாள், பிறகு மாசிமாவிடம், பிறகு ஊரிடம். சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டுமே. மெட்ராசில் இருக்கிறவள் முற்றத்துக் குழாயடிக்கு வர முடியாது. ஜன்னலைத் திறக்க முடியாது. உரக்கப் பேசவோ தும்மவோ முடியாது. துணி துவைப்பதெல்லாம் அந்த இருட்டுக் குளியலறைக்குள் என்று ஆயிற்று. வெளியே போகாமல் வீட்டிலேயே இருக்கிறாள் என்பதால் படுக்கை விரிப்பு, திரைச்சீலை, பாய் என்று இன்னும் கொஞ்சம் துணி அவள் பங்கில் சேர்ந்தது. கை குணமாகட்டும் என்று உள்ளே வைத்தார்கள். உள்ளே வைத்ததால் கை குணமாகவில்லை.

அந்த மழைக்காலத்தில் துணி எங்கே காய்ந்தது? பின்னறையில் சுவரிலிருந்து சுவருக்குக் கொடி கட்டி எல்லாம் அங்கேயே தொங்கின. அப்பாவின் வேஷ்டி, அம்மாவின் ஒன்பது கஜம், என் யூனிபாரம். அறை முழுக்க ஈர வாடை, பூஞ்சை வாடை, பொடியின் நெடி. யாராவது கதவைத் தட்டினால் அக்கா நனைந்த புடவைகளுக்குப் பின்னால் போய் நிற்பாள். வந்தவர்கள் காபி குடித்து முடித்துக் கிளம்புகிறவரை நிற்பாள். கரண்ட் வேறு அடிக்கடி போய்விடும். நான் எட்டிப் பார்த்தால் தண்ணீர் சொட்டும் புடவைக்குக் கீழே இரண்டு கால் மட்டும் தெரியும். எனக்கு அழுகை வரும், ஆனால் அழுதால் எதற்கு அழுகிறாய் என்று வந்தவர்கள் கேட்பார்களே என்று அடக்கிக்கொள்வேன். சிநேகிதிகளை வீட்டுக்கு அழைத்துவர எனக்கும் தடை. பள்ளிக்கூடத்தில் யார் கேட்டாலும் அக்கா மெட்ராசில் என்றேன். மெட்ராஸ் எப்படி இருக்கும் என்று ஒருத்தி கேட்டதற்கு ஈரமாக இருக்கும் என்று சொன்னேன்.

மாசிமா மட்டும் மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, "மேயே கோத்தாய்?" என்று தினமும் கேட்பாள். பெண் எங்கே என்று அர்த்தம். அம்மா தினமும் மெட்ராஸ் என்பாள். மாசிமா சரி சரி என்று உள்ளே போவாள். அவள் கொடுத்தனுப்பும் சந்தேஷ் இனிப்புத் தட்டில் மட்டும் மெட்ராஸ் போன பெண்ணுக்கும் ஒரு பங்கு எப்போதும் இருந்தது.

அக்கா தட்டில் டைப் அடிப்பதை நிறுத்தியிருந்தாள். விரல் நுனியில் எது பட்டாலும் எரிந்தது. இந்தக் கையோடு ஆபீஸ் போய் நாலு பேர் நடுவில் எப்படி உட்காருவாய் என்று அம்மா கேட்டாள். காளி பூஜைக்குள் சரியாகவில்லை என்றால் வேலைக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட வேண்டியதுதான் என்று அப்பா சொன்னார். அக்கா என் யூனிபாரத்தைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நவராத்திரி வந்தது. கொலு வைக்காமல் இருக்க முடியாது, விட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மாவுக்குப் பயம். முன்னறையில் படி கட்டினோம். டிரங்குப் பெட்டிக்கு மேல், விற்காமல் கையிருப்பில் இருந்த மாமா பொடி டின்களை அடுக்கி, மேலே அப்பாவின் வெளுத்த வேஷ்டியை விரித்தோம். ராமர் பட்டாபிஷேகமும் தசாவதாரமும் அந்தப் பொடிக்கு மேலேதான் உட்கார்ந்திருந்தார்கள். தெரு முனையில் துர்கா பூஜைப் பந்தல். டாக் மேளம் காலையிலிருந்து வீட்டுச் சுவர் அதிர ஒலிக்கும். எல்லா வருஷமும் அக்காதான் என்னைக் கையைப் பிடித்துக்கொண்டு பந்தல் பந்தலாக அழைத்துப் போவாள். அந்த வருஷம் மேளத்தைக் கேட்டபடி துணிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷக் கொலுவே ஒரு தினுசாக இருந்தது. வந்த மாமிகள் யாரும் பெரிய பெண்களை அழைத்து வரவில்லை. பெண் எங்கே மாமி என்றால் பெங்களூர், ஜாம்ஷெட்பூர், அத்தை வீடு என்று ஒவ்வொருத்தியும் ஒன்று சொன்னாள். யாரும் மேற்கொண்டு துருவவில்லை. மற்ற நாளில் துருவாமல் விடுகிற கூட்டமா அது?

பக்கத்துத் தெருவில் ஒரு மாமி வீட்டுக்கு என்னைச் சுண்டலுக்கு அனுப்பினார்கள். சுண்டலைத் தின்றுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். குளியலறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே, பெங்களூர் போயிருந்த அந்த வீட்டுப் பெண், குந்தி உட்கார்ந்து துணிக்குப் பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சொல்லாதே என்று உதட்டில் விரலை வைத்தாள். அந்த விரல் சிவந்து உரிந்திருந்தது. பக்கத்தில் எங்கள் வீட்டு வனஸ்பதி டின்.

ஓடி வந்து அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் வெளியே போகாமலிருக்க ஈரத் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். எனக்குப் பயமாகப் போய்விட்டது.

மறுநாள் மாலை எங்கள் முன்னறையில் மாமிகள் உட்கார்ந்திருந்தார்கள். பெங்களூர் மாமியும் இருந்தாள். ஒருத்தி பாடி முடித்து, அம்மா ஒவ்வொருத்தருக்கும் குங்குமம் கொடுத்து, வெற்றிலைத் தட்டை எடுத்தாள். பின்னறைத் திரை விலகியது. அக்கா வெளியே வந்தாள். புடவை மடிப்பு கலைந்து, தலைமுடி ஈரத்தில் ஒட்டி, நேராக வந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்து நீட்டினாள்.

"எனக்கும் வெத்தலை பாக்கு குடும்மா."

அம்மாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்து ஒரு தேங்காய் உருண்டு கொலுப் படியில் போய் இடித்து நின்றது. யாரும் அதை எடுக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் அக்காவின் உள்ளங்கையில் இருந்தது. அக்கா திரும்பிப் பெங்களூர் மாமியைப் பார்த்தாள்.

"பெங்களூர்ல உங்க பொண்ணுக்கும் கை இப்படித்தான் இருக்காமே மாமி."

அந்த மாமி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். அடுத்து உட்கார்ந்திருந்த மாமி, எங்காத்து மாட்டுப்பொண்ணுக்கும்தான் என்று மெதுவாகச் சொன்னாள். பிறந்த வீட்டுக்காரர்கள் நோயை மறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, அவளைத் திருப்பி அனுப்புவது வரைக்கும் பேச்சுப் போயிருந்ததாம். டாக்டர் வீட்டு மாமி கடைசியாகப் பேசினாள். அவள் பெண்ணும் உள்ளறையில்தான் இருந்தாள். டாக்டர் ஏதோ தைலம் கொடுத்து வந்தாராம். வீட்டில் துணிக்கு என்ன போடுகிறார்கள் என்று அவர் தன் பெண்ணிடம் கேட்டதே இல்லையாம். எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் எல்லோருமாகத் திரும்பி, வேஷ்டி போர்த்தின கொலுப் படியைப் பார்த்தார்கள்.

அக்கா அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பினாள். அம்மாவின் உள்ளங்கையும் வெடித்துத்தான் இருந்தது. ரேகைக்கெல்லாம் கறுப்புக் கோடு போட்ட மாதிரி வெடிப்பு. பாத்திரம் தேய்த்து, கரி தேய்த்து, சாம்பல் தேய்த்து அது எந்தக் காலத்திலிருந்து அப்படி இருக்கிறதோ. அதை யாரும் நோய் என்று நினைக்கவில்லை, கல்யாணம் ஆன கைதானே. அம்மா கையை உருவிக்கொண்டாள். ஆனால் அன்று முழுக்க, யாரும் பார்க்காதபோது, தன் கையைத் தானே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஆபீசிலிருந்து வந்து குடையை மடக்கி உள்ளே நுழைந்தபோது அத்தனை மாமிகளும் அவரையே பார்த்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் இது இந்த ஊர்த் தண்ணீரின் கோளாறு என்றார். மாமிகள் போன பிறகு, ஒரு வாளியில் பொடியைக் கரைத்து, முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வலது கையை அதில் முக்கி வைத்துக்கொண்டார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. மறுநாள் அந்தக் கையால் பேனா பிடிக்க முடியவில்லை. அம்மா சாதத்தைப் பிசைந்து உருட்டி வாயில் கொடுத்தாள். அப்பா மன்னிப்பெல்லாம் யாரிடமும் கேட்கவில்லை, அந்தத் தலைமுறை ஆண்களுக்கு அந்த வார்த்தை தெரியாது. கட்டுப் போட்ட கையோடு வீடு வீடாகப் போய் டின்களைத் திருப்பி வாங்கி வந்தார். எல்லாம் கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்தன. சாக்கடையில் கொட்ட அவருக்கு மனசு வரவில்லை, எதற்காவது உதவும் என்றார்.

அக்கா மெட்ராசிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். மாசிமா படியிறங்கி வந்து அவள் கன்னத்தைத் தொட்டு, ரயிலில் ரொம்பக் கூட்டமோ என்று கேட்டுவிட்டுப் போனாள். வண்ணான் மறுபடி வந்தான். காளி பூஜைக்குள் அக்காவின் கை ஏறக்குறையப் பழையபடி ஆகிவிட்டது. மறுபடி தட்டின் விளிம்பில் டைப் அடிக்கத் தொடங்கினாள். இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்பாவுக்கு வேறு நினைப்பு வந்துவிட்டது. துர்காபூர்க்காரர்களுக்கு ஆள் அனுப்பி, பெண் ஊரிலிருந்து வந்துவிட்டாள், பார்க்க வரலாம் என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், அதற்கு முந்தின ஞாயிறு அவர்கள் வருவதாக முடிவாயிற்று. அவர்கள் வீட்டில் ஆபீஸ் போகிற பெண்ணை விரும்ப மாட்டார்கள், அதனால் வேலையில் சேர வேண்டாம் என்றார். கையில் நோய் ஒன்றுமில்லை என்று தெரிந்ததில் அவருக்கு அத்தனை சந்தோஷம். தன் பெண் குறையில்லாத பெண் என்று தெரு முழுக்கக் காட்ட வேண்டும்போல இருந்திருக்கும். இப்போது நினைத்தால் அது புரிகிறது.

அக்கா சமையற்கட்டு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "நோய்னு சொன்னேள், உள்ளே இருந்தேன். இப்போ நோய் இல்லைங்கறேள். இப்பவும் உள்ளேதானாப்பா?"

"உள்ளே எங்கேடி? துர்காபூர் பெரிய ஊர்" என்றார் அப்பா.

அம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கரைப்பதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தாள். பிறகு மறுபடி கரைத்தாள்.

சனிக்கிழமை அப்பா ஆபீஸ் போனதும் அக்கா கட்டிலுக்கடியில் கையை விட்டு ஒரு டின்னை இழுத்தாள். முற்றத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், குழாயடியில் உட்கார்ந்து வாளி நிறைய நுரை கலக்கினாள். வண்ணான் வெளுத்து வந்த விரிப்புகளை மடிப்புக் கலைத்து அதில் முக்கி, கசக்கிப் பிழிந்து, மறுபடி முக்கினாள். நான் வேண்டாம் அக்கா என்றேன். காதில் வாங்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், எரிந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து நிலையில் நின்றாள். அடி விழப்போகிறது என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். அம்மா உள்ளே போய், ஜன்னல் திரைகளைக் கழற்றிக்கொண்டு வந்து அக்காவின் பக்கத்தில் போட்டாள்.

"நாளைக்கு மனுஷா வரா. இதுவும் அழுக்கா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்படியும் ஒரு கல்நெஞ்சுக்காரியா என்று அன்று எனக்கு அம்மா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்று அவளோடு நான் பேசவே இல்லை.

ஞாயிறு வந்தது. பையன், அவனுடைய அம்மா, அப்பா. பையன் நல்ல மாதிரியாகத்தான் இருந்தான், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்கா காபி டவரா டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து அந்த அம்மாளிடம் நீட்டினாள். கையைத் தலைப்பால் மூடிக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் டம்ளரை வாங்காமல் கையையே பார்த்தாள். கைக்கு என்ன என்று கேட்டாள். அப்பா திரும்பிப் பார்த்து ஆடிப்போய்விட்டார், வெள்ளிக்கிழமைதானே அந்தக் கை நன்றாக இருந்ததைப் பார்த்திருந்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது என்று முகத்திலிருந்தே தெரிந்தது. மனுஷர் எத்தனை பிடிவாதக்காரரோ அத்தனை நேர்மையானவர். ஊர் முழுக்கத் தலைகுனிந்த விஷயம்தான், இன்னொரு தடவை குனிந்தால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகுமே என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அது ஒண்ணுமில்லை. நான்தான் ஆத்துல துணிக்கு ஒரு பொடி பண்ணி—"

"பொடியெல்லாம் இல்லை." அம்மா பஜ்ஜித் தட்டோடு சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள். "அவர் மறைக்கப் பார்க்கறார். இவளுக்கு இது சின்ன வயசுலேர்ந்தே விட்டு விட்டு வரும். பின்னாடி தெரிஞ்சு நீங்க வருத்தப்படக் கூடாதேன்னு சொல்றேன்."

சொல்லிவிட்டுத் தட்டைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்தாள். அவர்கள் பஜ்ஜியைத் தொடவில்லை. ஹவ்ராவில் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்கள். பையன் மட்டும் வாசலில் செருப்பு மாட்டும்போது அக்காவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

அம்மா சொன்னது துர்காபூரோடு நிற்கவில்லை. ஜாம்ஷெட்பூர், நாக்பூர், மெட்ராஸ் என்று நம் ஆட்கள் இருக்கிற இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. பின்னால் எனக்கு வரன் பார்த்தபோது அக்காவுக்கு ஏதோ உண்டாமே என்று இரண்டு இடத்தில் தட்டிப்போயிற்று. அப்போது அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அந்தக் கோபம் இல்லை. எந்த ஒரு பேச்சு வெளியே போய்விடக் கூடாது என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பெண்ணை ஈரத் துணிக்குப் பின்னால் நிறுத்தி வைத்தாளோ, அதே பேச்சைத் தன் வாயாலேயே அன்னியர் முன்னால் போட்டு உடைத்தாள். எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. அக்கா அந்த ஆபீசிலேயே வேலை பார்த்து ரிட்டையரானாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, பண்ணிக்கொள்ளாததைப் பற்றி வருத்தப்பட்டும் நான் பார்த்ததில்லை.

அன்று அவர்கள் ரிக்‌ஷா திரும்பியதும் அப்பா முன்னறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏன் அப்படிச் சொன்னாய், இனிமேல் இவளை யார் பண்ணிக்கொள்வார்கள் என்று கேட்டார். அம்மா தரையில் உட்கார்ந்து, அக்காவை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த இரண்டு கையையும் தன் மடியில் விரித்து வைத்தாள்.

"தேங்காயெண்ணெயை எடுங்கோ" என்றாள். "நாளைக்கு இவ டைப் அடிக்கணும்."